கை காட்டினால் கூப்பிடக்கூடாது

1

எங்கள் மகள் ஆரணி படிக்கும் பள்ளியில் மணி அடிப்பதில்லை. பாட அட்டவணை கிடையாது, சோதனை கிடையாது, முதலாம் பிள்ளை இரண்டாம் பிள்ளை என்ற கதையும் கிடையாது. காலையில் போகிற பிள்ளை அன்றைக்கு என்ன செய்வதென்று தானே தீர்மானிக்கும். பெரியவர்கள் பக்கத்தில் இருப்பார்கள். கேட்டால் உதவுவார்கள், கேட்காவிட்டால் கம்பளி பின்னிக்கொண்டிருப்பார்கள். நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு சிறு நகரத்தில், முன்பு மீன் பதனிட்ட கட்டடம் ஒன்றில், பெற்றோர் சிலர் சேர்ந்து நடத்தும் பள்ளி அது.

இதை நான் முதன்முதலில் திருகோணமலைப் பக்கம் சாம்பல்தீவில் இருக்கும் அண்ணாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் கேட்டார்:

"அப்ப ரீச்சர்மாருக்கு அங்க என்ன வேலை?"

அந்தப் பள்ளியில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வேலையில் ஆழ்ந்திருக்கும் பிள்ளை உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டினால் அதற்குப் பிறகு யாரும் அதனுடன் பேசக்கூடாது. ஆசிரியரும் கூடாது, பெற்ற தாயும் கூடாது. கை இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு பிள்ளை பெரியவர்களுக்கு இப்படிக் கை காட்டினால் அந்தக் கைக்கே அடி விழும்.

போன வாரம் ஆசிரியை இங்ரிட் தொலைபேசியில் கூப்பிட்டாள். வசந்தகாலக் கண்காட்சியில் ஆரணியின் காணொளியைப் பெரிய திரையில் காட்ட விரும்புகிறார்களாம். பள்ளி தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு அழகான கற்றலைத் தான் பார்த்ததில்லை என்றாள். அந்தக் காணொளியை எடுத்தவள் நான். எடுத்ததற்குப் பிறகு அதை ஒருமுறைகூட நான் பார்க்கவில்லை.

2

நானும் கணவரும் இந்தப் பள்ளியை ஏன் தேர்ந்தோம் என்று ஊரில் இருப்பவர்களுக்கு விளங்கப்படுத்துவது கடினம். பணக்காரத்தனம் என்கிறார்கள். வெள்ளைக்காரர்களைப் பார்த்து ஆடுகிறோம் என்று மச்சாள் சொன்னாராம். சொல்லட்டும். எனக்குக் காரணம் வேறு.

நான் திருகோணமலையில் படித்தவள். வகுப்பில் கேள்வி கேட்டால் 'வாய் காட்டுகிறாய்' என்று பிரம்பு வரும். வீட்டில் கேட்டால் அம்மாவின் பார்வை வரும். அதைவிட, அந்த யுத்த காலத்தில் ஏன் என்று கேட்க எங்களுக்கு நேரமே இருக்கவில்லை. அப்பா "படு" என்றால் படுத்தோம். "ஓடு" என்றால் ஓடினோம். கேட்காமல் செய்ததால்தான் நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பழக்கம் உடம்பில் தங்கிவிட்டது. இங்கே வந்து இத்தனை வருடமாகியும், அலுவலகத்தில் சீருடை போட்ட ஒருவன் கையைக் காட்டினால் நான் நின்றுவிடுவேன். பொலிஸ் அலுவலகத்தில் விசா விஷயமாக ஒருமுறை அதிகாரி "உட்காருங்கள்" என்று சொல்ல, கதிரை இல்லாத இடத்தில் உட்காரப் பார்த்திருக்கிறேன். கணவர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

என் பிள்ளை அப்படி வளரக்கூடாது என்று நினைத்தேன். யார் எதைச் சொன்னாலும் அவள் ஏன் என்று கேட்க வேண்டும். கேட்டாள். பல் தீட்டச் சொன்னால் ஏன், சப்பாத்துப் போடச் சொன்னால் ஏன், தாத்தாவின் படத்துக்குக் கும்பிடச் சொன்னால் ஏன். விளக்கம் சரியாக இருந்தால் செய்வாள். சரியில்லாவிட்டால் அமைதியாக மறுப்பாள். நான் களைத்துப்போய்க் குசினியில் நின்று தமிழில் திட்டுவேன். திட்டுக்கு மட்டும் அவள் ஏன் என்று கேட்கமாட்டாள்.

3

சந்தேகம் எனக்கு எப்போதும் இருந்தது, கணவருக்குத்தான் இல்லை. பத்து வயதுவரை அவள் எழுத்துக்கூட்டித்தான் வாசித்தாள். அரசாங்கப் பள்ளியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பெருக்கல் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்வார்கள். எங்களுடையவள் ஒரு குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் பற்றி மட்டுமே படித்தாள். பள்ளிக்குப் பின்னால் ஓடும் சிற்றாற்றில் கல் அடுக்கி அணை கட்டினாள், உடைத்தாள், திரும்பக் கட்டினாள். வீட்டுக்கு வந்தால் குளியலறையில் அதே வேலை. தமிழ்ச் சங்கத்தில் ஒருவர் மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டபோது "தண்ணீர்" என்று சொல்லிவிட்டு நான் பட்ட வெட்கம் எனக்குத்தான் தெரியும்.

"அவள் தன்ர பாதையில போறாள். விடுங்கோ" என்பார் கணவர்.

பெற்றோருக்கான கூட்டத்தில் இங்ரிட் சொன்ன ஒன்றை நான் மறக்கவே இல்லை. ஒரு பிள்ளை வேலையில் இருக்கும்போது நாம் கூப்பிட்டால், அது பிள்ளைக்காக அல்ல, நம் பயத்துக்காகத்தான் என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பயந்தவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடவே ஆட்டினேன்.

மார்கழி விடுமுறையோடு சேர்த்துத் தைப்பொங்கல் வரைக்கும் ஊரில் நிற்க விரும்பினோம். அரசாங்கப் பள்ளியாக இருந்தால் அதற்கு எத்தனை கதவு தட்ட வேண்டும்! இங்கே ஆரணியே திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழும்பி நின்று, மாமாவின் ஊரில் மழைக்காலத்தில் களப்பும் கடலும் எப்படிச் சேர்கின்றன என்று பார்க்கப் போகிறேன் என்றாள். ஆசிரியர்களும் பிள்ளைகளும் கை உயர்த்தி வாக்களித்தார்கள். ஒருவர்கூட எதிர்க்கவில்லை. கணவருக்கு வேலையில் லீவு கிடைக்காததால் நாங்கள் இருவர் மட்டும் புறப்பட்டோம்.

4

அண்ணா வீட்டிலிருந்து கொஞ்சம் வடக்கே போனால் ஒரு சின்னக் களப்பு இருக்கிறது. கோடையில் முழங்கால் தண்ணீர். மாரியில் வயல் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் வந்து நிரம்பிவிடும். அதற்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டு ஒன்றுதான் தடுப்பு. ஒவ்வொரு மாரியிலும் மீன்பிடிச் சங்கத்தார் நாள் பார்த்து அந்தத் திட்டை வெட்டிவிடுவார்கள். அதற்கு முன் இறால் வலைகளை எடுத்துவிட வேண்டும், தோணிகளை மேட்டில் ஏற்றிக் கட்ட வேண்டும், கடலும் கொஞ்சம் அடங்கியிருக்க வேண்டும். தேங்காய் உடைத்து, மண்வெட்டியை முதலில் யார் போடுவது என்று ஒரு சின்னச் சண்டையும் பிடித்த பிறகுதான் வெட்டு.

நாங்கள் போனபோது களப்பு நிரம்பித் திட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. மழை விட்டு விட்டுப் பெய்தது. கடல் சாம்பல் நிறத்தில் இரைந்தது. அந்த இரைச்சல் வீட்டுக்குள்ளும் கேட்கும். வந்த முதல் நாளே எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை, யன்னல்களை மூடிக்கொண்டே இருந்தேன்.

ஆரணிக்கோ சொர்க்கம். அண்ணாவோடு திட்டுக்குப் போய் நின்று கேள்வி மேல் கேள்வி. அண்ணாவுக்கும் முதலில் பெருமைதான்.

"உன்ர மகளைச் சட்டம் படிப்பிச்சு அப்புக்காத்தாக்கு தங்கச்சி. என்ன வாய்!"

"ஏன் மாமா இண்டைக்கு வெட்டேல்ல?"

"கடல் சரியில்லைப் பிள்ளை. நஸீர் நானாவின்ர வலையும் இன்னும் உள்ளதான் கிடக்கு."

நஸீர் நானா கிண்ணியாவைச் சேர்ந்தவர். மாரிக்கு மட்டும் இங்கே வந்து அண்ணாவோடு கூட்டாக இறால் பிடிப்பவர். அதிகம் கதைக்க மாட்டார்.

"சங்கத்தில பிள்ளையளுக்கு வாக்கு இருக்கோ?" என்று ஆரணி கேட்க, அண்ணா சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற கொக்கு பறந்தது. சிரித்து முடித்த பிறகு அவர் முகம் மாறியது.

"ஒண்டு மட்டும் கேள் பிள்ளை. வெட்டுற நாள் வரைக்கும் இந்த மண்ணில ஒரு கோடும் கீறப்படாது. விரலாலயும் கீறப்படாது."

"ஏன்?"

"கீறப்படாது எண்டாக் கீறப்படாது. அவ்வளவுதான்."

அன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் என்னிடம் அதே கேள்வியைக் கேட்டாள். நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அது அவையளின்ர நம்பிக்கை அம்மா. கடலுக்குப் போற ஆக்களிட்ட இப்பிடிப் பல நம்பிக்கை இருக்கு" என்றேன். நாலு வீடு தள்ளிப் பிறந்து வளர்ந்தவள் நான். திட்டை வெட்டும் நாளில் சிறுவர்களை வீட்டைவிட்டு வெளியே விடமாட்டார்கள் என்பதால் அந்த வெட்டை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றுக்கு எவ்வளவு சுகமாக விளக்கம் சொன்னேன்.

5

அடுத்த நாள் அண்ணா கயிறு வாங்கப் பட்டினத்துக்குப் போயிருந்தார். மதியத்துக்குப் பிறகு மழை விட்டது. நானும் ஆரணியும் திட்டுக்கு நடந்தோம். அவள் ஒரு தேங்காய்ச் சிரட்டையைப் பொறுக்கி எடுத்துக் குந்தி உட்கார்ந்தாள். களப்பின் விளிம்பிலிருந்து கடல் பக்கமாக ஒரு கோடு இழுத்தாள். விரல் அகலம்தான். நான் வாயைத் திறக்க முன்பே உள்ளங்கை உயர்ந்தது.

நான் பேசவில்லை. தொலைபேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினேன். மனதில் இருந்தது இங்ரிட்டின் முகம்தான், இதைப் பார்த்தால் எவ்வளவு சந்தோசப்படுவாள் என்று. துண்டு துண்டாக எடுத்து அப்போதைக்கப்போதே அவளுக்கு அனுப்பிக்கொண்டும் இருந்தேன்.

முதலில் வந்த தண்ணீரை மணல் குடித்துவிட்டது. அவள் இன்னும் ஆழமாகத் தோண்டினாள். திரும்பவும் வந்தது, திரும்பவும் குடித்தது. பிறகு ஒரு தடவை குடிக்காமல் ஓடியது. மெல்லிய நூலாக ஓடிக் கடல் பக்கத்துச் சரிவில் இறங்கியது. ஆரணி துள்ளினாள். வாய்க்காலைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தாள், திரும்ப இந்தப் பக்கம் வந்தாள், திரும்ப அந்தப் பக்கம் போனாள். அப்போது அது ஒரு எட்டில் தாண்டக்கூடிய வாய்க்கால்.

அதற்குப் பிறகு அவள் தோண்டவில்லை. தோண்டத் தேவை இருக்கவில்லை. தண்ணீரே தோண்டியது. இரண்டு கரையும் துண்டு துண்டாக விழத் தொடங்கின, பாண் ரொட்டியை வெட்டியதுபோல. சத்தம் மாறியது. ஒரு எட்டு இரண்டு எட்டானது, பிறகு எட்டு வைக்க முடியாததானது. அவள் அந்தப் பக்கம். அவளுக்குப் பின்னால் மணல், அதற்கு அப்பால் கடல். ஊர் என் பக்கம்.

நான் கூப்பிடவில்லை. சிறிய திரைக்குள் எல்லாமே சிறிதாகத்தான் தெரிந்தது. அவள் சமாளிப்பாள், அவளுக்குத் தண்ணீரைத் தெரியும், பயப்படுகிறவள் நான்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நின்றேன்.

பிறகு அவள் நின்ற இடம் விழுந்தது. முழங்கால்வரை மண்ணோடு இறங்கி, கையை ஊன்றி, பின்பக்கமாகத் தவழ்ந்து ஏறினாள். அப்போதுதான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. தண்ணீரின் இரைச்சலில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. களப்புக்குள்ளிருந்து நஸீர் நானாவின் வலைகள் கம்போடு பிடுங்கிக்கொண்டு வந்து என் கண்முன்னால் கடலுக்குள் போயின. அவருடைய தோணி அதற்குப் பின்னால் போனது. ஆரணி நின்ற மணல் இரண்டு பக்கத்தாலும் தேய்ந்துகொண்டிருந்தது.

ஆட்கள் ஓடி வந்தார்கள். நஸீர் நானாவும் இன்னொருவரும் அண்ணாவின் தோணியை எடுத்து, களப்பின் மேற்குக் கரையை ஒட்டி, தண்ணீரின் இழுவைக்குத் தூரமாகச் சுற்றிப் போய் அந்தப் பக்கம் ஏறினார்கள். அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். என் கையில் தந்துவிட்டுக் கரையில் போய் நின்று கடலைப் பார்த்தார். அன்றைக்கு அவருக்குத் திரும்பிப் போக ஒரு வலையும் மிஞ்சவில்லை.

6

பொழுதுபடும் நேரம் அண்ணா வீட்டு முற்றத்தில் சங்கத்தார் கூடினார்கள். அண்ணா என்னைப் பார்த்துக் கேட்டார்:

"நீ பக்கத்தில நிண்டனியோ, இல்லையோ?"

"நிண்டனான்."

"அவள் கீறேக்க?"

"நிண்டனான் அண்ணா."

"பிறகு?"

பள்ளிக்கூடச் சட்டம் என்று அந்த முற்றத்தில் நின்று சொல்ல என்னால் ஏலாமல் போனது.

ஆரணி உள்ளே இருந்து வந்தாள். குளித்த தலை இன்னும் ஈரமாக இருந்தது. கையை உயர்த்தினாள், திங்கட்கிழமைக் கூட்டத்தில் பேச்சுக்கு அனுமதி கேட்பதுபோல.

"நான்தான் செய்தனான். நஸீர் நானாவுக்கு நான் என்ன செய்யோணும் எண்டு நீங்கள் எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கோ."

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் வெற்றிலைத் துப்பலைத் துப்பிவிட்டு வந்தார். நஸீர் நானாதான் கடைசியில் வாய் திறந்தார்.

"நீங்க உள்ள போங்க மகள். உங்கட உம்மாவோட நாங்க கதைக்கிறம்."

அவள் போகவில்லை. தண்டனை கேட்டு நின்ற பிள்ளைக்கு ஒருவரும் தண்டனை தரவில்லை என்றதும் அழத் தொடங்கினாள். அந்த மணலில் தவழ்ந்து ஏறியபோதுகூட அழாதவள். மச்சாள் வந்து இழுத்துக்கொண்டு போனார்.

அடுத்தடுத்த நாட்களில் களப்பின் வாய் அகன்றுகொண்டே போனது. களப்பு வற்றிச் சேற்றில் சின்ன மீன்கள் வெள்ளையாகக் கிடந்தன. நாற்றம் வீடுவரை வந்தது. கடல் ஏறினால் உப்புத் தண்ணீர் வயலுக்குள் போகும் என்று வயல்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். என்னிடம் யாரும் கோபமாகப் பேசவில்லை. தேத்தண்ணீர் தந்தார்கள், எப்போது பயணம் என்று கேட்டார்கள். பொங்கலுக்கு நிற்காமல் புறப்பட்டோம்.

7

திரும்பி வந்து இரண்டு மாதமாகப் போகிறது. ஆரணி காலையில் பள்ளிக்குப் போகிறாள், மாலையில் வருகிறாள். சாப்பிடுகிறாள். கேட்டால் ஒரு சொல்லில் பதில் சொல்கிறாள். பள்ளியில் என்ன செய்தாய் என்றால் "வேலை" என்கிறாள். கணவர் நஸீர் நானாவுக்கு வலை வாங்கி அனுப்ப ஒழுங்கு செய்தார். அதைச் சொன்னபோதும் அவள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

இங்ரிட் கூப்பிட்ட அன்று நான் நடந்ததைச் சொன்னேன். பிள்ளை சாகப் பார்த்தாள் என்று சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள், நல்ல பெண்தான். பிறகு, "ஆனால் அதிலிருந்தும் அவள் கற்றிருக்கிறாள். காட்டுவதா வேண்டாமா என்று ஆரணியே முடிவெடுக்கட்டும்" என்றாள். அவளிடம் கேட்டீர்களா என்றேன்.

"இன்னும் இல்லை. வந்த நாளிலிருந்து அவள் ஆழ்ந்த வேலையில் இருக்கிறாள். கை காட்டிக்கொண்டே இருக்கிறாள். நாங்கள் குழப்பவில்லை."

"எவ்வளவு நேரம்?"

"காலையிலிருந்து" என்றாள் இங்ரிட். "போகும்வரை."

தொலைபேசியை வைத்தேன். அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் பள்ளிக்குப் போனேன். யன்னலோர மேசையில் இருந்தாள். மேசையில் தாள் இல்லை, பென்சில் இல்லை, ஒன்றுமே இல்லை. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி உள்ளங்கையை நிமிர்த்தி வைத்திருந்தாள். பிள்ளைகள் அவளைச் சுற்றி மெல்ல நடந்து போனார்கள். இங்ரிட் என்னைக் கண்டு உதட்டில் விரல் வைத்தாள்.

நான் போய் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். குளிர்ந்து விறைத்திருந்தது. பின்னால் இங்ரிட் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை.

"ஆரணி."

அவள் என்னைப் பார்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு நேராகப் பார்த்தாள்.

"அண்டைக்கு நான் முதல்லதான் கை காட்டினனான் அம்மா. தண்ணி ஓடத் தொடங்கின உடன கையைக் கீழ விட்டிட்டன். எனக்குப் பயமாயிருந்தது. நீங்கள் கூப்பிடுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டே நிண்டனான்."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வந்தவை வேறு சொற்கள்.

"ஜக்கெட்டைப் போடு. வீட்டை போவம்."

கட்டளையாகத்தான் சொன்னேன். பன்னிரண்டு வருடத்தில் அவளுக்கு நான் அப்படிச் சொன்னதில்லை. ஏன், இப்போதே ஏன், யார் முடிவெடுத்தது என்று கேட்பாள் என நின்றேன். கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே கட்டிப்பிடித்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.

அவள் எழும்பினாள். ஜக்கெட்டைப் போட்டாள், சப்பாத்தை மாட்டினாள், தலையைக் குனிந்துகொண்டு எனக்கு முன்னால் வாசலுக்கு நடந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.